பச்சை உடம்புக்காரி துடுப்பைத் தொடலாமா? டிராகன் படகு அம்மாக்களின் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் காலாங் பேசின் என்ற நீர்ப்பரப்பில் பதினோரு வருடமாக டிராகன் படகு வலிக்கிறேன். மகளுக்கு இப்போது மூன்றரை வயது. அவள் பிறந்த பிறகு மறுபடி படகில் ஏறிப் போட்டிக்கும் போய்வந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. முக்கால்வாசி ஒரே கேள்விதான், ஆள்தான் வேறு. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைத்துவிடுகிறேன், இனி யார் கேட்டாலும் இதை அனுப்பிவிடலாம். நான் மருத்துவர் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. இடது பக்கம் மூன்றாவது வரிசையில் உட்காருகிறவள், அவ்வளவுதான்.

டிராகன் படகு என்றால் கயாக் மாதிரியா?

இல்லை. கயாக்கில் துடுப்பின் இரண்டு முனையிலும் தகடு இருக்கும், இதில் ஒரு முனையில் மட்டும். பெரிய படகில் வரிசைக்கு இரண்டு பேராகப் பத்து வரிசை, ஆக இருபது பேர் வலிப்போம். முன்னால் டிரம் அடிப்பவர் ஒருவர், பின்னால் நின்றுகொண்டு திசை பார்ப்பவர் ஒருவர். சின்னப் படகில் பத்துப் பேர் வலிப்பார்கள். போட்டி பெரும்பாலும் 200 மீட்டர், 500 மீட்டர், சில இடங்களில் 2,000 மீட்டர். சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் திருவிழாதான் இதன் மூலம், ஆனால் இங்கே வருடம் முழுக்கப் பயிற்சி நடக்கிறது.

இந்தப் பக்கத்துக்குத் தேவையான விஷயம் ஒன்றுதான்: நீங்கள் ஒரே பக்கமாக உட்கார்ந்து, இடுப்பைப் படகின் விளிம்போடு ஒட்டி, உடம்பைத் திருப்பி முன்னால் சாய்ந்து இழுக்கிறீர்கள். பார்க்கிறவர்களுக்குக் கை வேலை மாதிரி தெரியும். உண்மையில் வயிறும் முதுகும் காலும்தான் வேலை செய்கின்றன. பிள்ளை பெற்ற பிறகு எவையெல்லாம் தளர்ந்து கிடக்குமோ அவைதான் இதற்கு வேண்டும். தமிழில் துடுப்பு "வலிப்பது" என்றே சொல்கிறோம், இப்படிப் பெயர் வைத்தவர் பிரசவத்துக்குப் பிறகு படகில் ஏறியவராக இருக்குமோ என்று சில நாள் தோன்றும்.

கர்ப்பமாக இருந்தபோது எத்தனை மாதம் வரை வலித்தீர்கள்?

பதினாறாவது வாரம் வரை. அதுவும் போட்டி வேகத்தில் இல்லை, பின்வரிசையில் மெதுவாக. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் உடற்பயிற்சி தப்பில்லை, வாரத்துக்கு 150 நிமிடம் மிதமாகச் செய்யலாம் என்று மகப்பேறு மருத்துவ அமைப்புகளே சொல்கின்றன. மிதம் என்றால் மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும். 500 மீட்டர் போட்டியில் யாராவது பேசிக்கொண்டு வலித்தால் பின்னால் இருப்பவர் துடுப்பாலேயே தட்டுவார், ஆகவே போட்டி மிதத்துக்குள் வராது.

எனக்கு நிறுத்தக் காரணமாக இருந்தவை சின்ன விஷயங்கள். முன்னால் சாய்ந்தால் வயிறு தொடையில் இடித்தது. லைஃப் ஜாக்கெட்டின் கீழ் வாரைத் தளர்த்தினால் ஜாக்கெட் மேலே ஏறி முகவாயில் முட்டியது, இறுக்கினால் வயிற்றை அழுத்தியது. பொருந்தாத லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் இருப்பதில் அர்த்தமே இல்லை. அப்புறம் இந்த ஊர் வெயில். 32 டிகிரியில், காற்றில்லாத காலாங்கில், இரண்டு மணி நேரம். அன்று இறங்கியவள் கரையில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கப் போய்விட்டேன். உங்களுக்கு இருபதாவது வாரமாக இருக்கலாம், எட்டாவது வாரமாகவும் இருக்கலாம். ரத்தக்கசிவு, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, ரத்த அழுத்தம் என்று எதுவாவது இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வலிக்க வேண்டாம், டிரம் அடிக்கலாமே? உட்கார்ந்துதானே இருக்கிறோம்?

எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள், அன்போடுதான் சொல்வார்கள். வேண்டாம். டிரம்மர் படகின் முன்முனையில், உயரமான சின்ன இருக்கையில், பிடிமானம் அதிகம் இல்லாமல், நம்மைப் பார்த்தபடி உட்காருகிறார். "கோ" என்றதும் நின்ற படகை இருபது பேர் ஒரே நேரத்தில் உதைத்துக் கிளப்புவோம், அந்த முதல் குலுக்கலில் பழகிய டிரம்மர்களே தண்ணீரில் விழுந்து பார்த்திருக்கிறேன். பின்னால் நின்று திசை பார்ப்பதும் அப்படியே. விழ வாய்ப்புள்ள இடம் கர்ப்பிணிக்கு வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது படகில் ஏறலாம்?

ஆறு வாரப் பரிசோதனையில் மருத்துவர் "எல்லாம் ஓகே" என்பார். அந்த ஓகே காயம் ஆறிவிட்டது, கர்ப்பப்பை சுருங்கிவிட்டது என்பதற்கு. இருபது பேரோடு படகைத் தூக்கி நீரில் இறக்கலாம் என்பதற்கு இல்லை. நான் அப்படித் தப்பாகப் புரிந்துகொண்டவள்தான்.

எனக்கு சிசேரியன். வெளியே தையல் கோடு நன்றாக மூடியிருந்தாலும் உள்ளே வயிற்றுத் தசையைப் பிடித்திருக்கும் உறை ஆறாவது வாரத்தில் பழைய பலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும், ஆறேழு மாதத்தில்தான் அது பெருமளவு திரும்பும் என்று பெண்கள் நல பிசியோதெரபிஸ்ட் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டத்துக்குத் திரும்புவது பற்றி பிரிட்டனில் பிசியோதெரபிஸ்ட்கள் சிலர் 2019ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள், அதில் குறைந்தது 12 வாரம் பொறுங்கள் என்று இருக்கிறது. படகுக்கு என்று தனியாக எனக்கு எதுவும் கிடைக்காததால் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

நான் போன பாதை இது. ஏழாவது வாரத்திலிருந்து ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு நடை. பத்தாவது வாரம் பிசியோவைப் பார்த்தேன், வயிற்றின் நடுவே தசை இரண்டு விரல் அகலம் விலகியிருந்தது. நான்காவது மாதம் உடற்பயிற்சிக்கூடத்தில் துடுப்பு இயந்திரம். ஐந்தாவது மாதம் படகில், கடைசி வரிசையில், குட்டிக் குட்டித் தூரங்கள். ஒன்பதாவது மாதம் போட்டி. இதைப் பார்த்துவிட்டு ஒன்பது மாதம்தான் கணக்கு என்று குறித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் படகிலேயே சுகப்பிரசவமான ஒருத்தி ஐந்து மாதத்தில் போட்டிக்கு வந்தாள், இன்னொருத்திக்கு ஒன்றரை வருடம் ஆனது, இப்போது இரண்டாமவள்தான் எங்கள் முதல் வரிசை.

ரத்தப்போக்கு முழுக்க நிற்கும் வரை தண்ணீர் பக்கமே வேண்டாம். துடுப்பு தெறிக்கும் நீரில் இடுப்புக்குக் கீழே முழுக்க நனைவோம், ஆறாத காயத்தோடு நீர்த்தேக்கத்து நீரில் உட்கார வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று. நான் இடது பக்கம் வலிப்பவள், மகளையும் இடது இடுப்பில்தான் தூக்கிவைப்பேன். ஆறாவது மாதம் இடது இடுப்பும் கீழ் முதுகும் பிடித்துக்கொண்டபோது படகைக் குறை சொன்னேன். பிசியோ என் மகளைக் காட்டினார். இப்போது அவளுக்கு வலது இடுப்பு, அவ்வப்போது ஒரு பயிற்சி வலது பக்கத்து இருக்கையில்.

மாமியார் விட மாட்டேன் என்கிறார். "பச்சை உடம்பு, தண்ணியில போனா ஜன்னி வரும்" என்கிறார். என்ன சொல்வது?

என் அத்தையும் அதையேதான் சொன்னார். "ஏம்மா, பச்சை உடம்புக்காரி, அந்தத் தண்ணியில போய் உட்காரலாமா?" நான் முதலில் கோபப்பட்டேன். பிறகு யோசித்தால், அவர் சொல்வதில் பாதி பிசியோ சொன்னதுதான்: உடம்பு இன்னும் ஆறவில்லை, கனம் தூக்காதே, குனிந்து நிமிராதே. குளிர்ந்த தண்ணீரால் ஜன்னி வரும் என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் சண்டை போடாமல், "மூணு மாசம் நீங்க சொல்றபடியே இருக்கேன் அத்தை, அப்புறம் டாக்டர் சொல்றபடி" என்று பேரம் முடித்தேன். அந்த மூன்று மாதம் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் தவறாமல் வந்தது, எனக்கு நஷ்டமே இல்லை.

மருத்துவர்களே "செய்யாதே" என்று சொன்னதைத் துடுப்பு மாற்றிய கதையும் ஒன்று உண்டு. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்கள் கைக்கு வேலை கொடுத்தால் கை வீங்கிவிடும் என்று நம்பியிருந்த காலத்தில், கனடாவின் வான்கூவரில் டாக்டர் டான் மெக்கென்சி 1996ல் அப்படிப்பட்ட 24 பெண்களைப் பயிற்சி கொடுத்து டிராகன் படகில் ஏற்றினார். கை வீங்கவில்லை. இன்று உலகம் முழுக்க அந்த மாதிரி அணிகள் இருக்கின்றன. இதை அத்தையிடம் சொன்னபோது, "அந்த டாக்டர் கூடவே இருந்து பார்த்தார், உனக்கு யார் பார்க்கிறா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, பிசியோவிடம் மாதம் ஒருமுறை போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. வேகமாக இழுக்கும்போது சிறுநீர் கசிகிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை. தனிச்செய்தியில் எனக்கு அதிகம் வரும் கேள்வியே இதுதான், குழுவில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. படகில் எப்படியும் எல்லோரும் நனைந்திருப்பதால் வெளியே தெரியாது, அதனாலேயே பலர் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று அம்மாக்கள் சொல்லிச் சமாதானப்படுத்துவதும் சேர்ந்துகொள்கிறது. பலருக்கு இருக்கிறது, ஆனால் அப்படியே விட வேண்டியதில்லை.

எனக்குப் போட்டித் தொடக்கத்தில்தான் வந்தது. படகு அசையாமல் நிற்கும்போது போடும் முதல் ஐந்து இழுப்புதான் மிகக் கனமானது, அப்போது மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன். அடக்கிய மூச்சின் அழுத்தம் முழுக்க, சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைமேல் இறங்கும். துடுப்பு நீரில் இறங்கி இழுக்கும்போது மூச்சை வெளியே விடப் பழகிய பிறகு பாதி குறைந்தது. மீதிக்கு இடுப்புத்தளப் பயிற்சி, மூன்று மாதம், தினமும். சும்மா இறுக்கிப் பிடிப்பது மட்டும் போதாது, தளர்த்தவும் தெரிய வேண்டும், ஒருமுறையாவது பிசியோ பார்த்துச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. கீழே ஏதோ இறங்குவது போலக் கனமாக இருந்தால் அன்றைக்கே படகை விட்டு இறங்கி மருத்துவரைப் பாருங்கள், "அடுத்த வாரம்" வேண்டாம்.

பயிற்சி செய்தால் பால் குறையுமா? புளிக்குமா?

குறையாது, நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டால். மிகக் கடுமையான பயிற்சிக்குப் பிறகு பாலில் லாக்டிக் அமிலம் கொஞ்சம் கூடலாம், அதனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. என் மகள் பயிற்சி முடிந்து வந்ததும் குடிக்க மறுத்த இரண்டொரு தடவையும் காரணம் என் வியர்வை உப்புதான், குளித்துவிட்டு வந்தால் ஒன்றும் சொல்லவில்லை.

பால் குறைந்தது எனக்கும்தான், ஆனால் அதற்குக் காரணம் பட்டினி. தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் அம்மாவுக்கு நாளைக்குக் கிட்டத்தட்ட 500 கலோரி கூடுதலாக வேண்டும், பயிற்சிக்கு வேண்டியது அதற்கு மேல். நான் எடையும் குறையட்டும் என்று ஒரே கல்லில் மூன்று மாங்காய் அடிக்கப் பார்த்தேன். பால் குறைந்து, முடி கொட்டி, படகில் 300 மீட்டருக்கு மேல் கை ஓடாமல் போனதுதான் மிச்சம். பாலூட்டும் காலத்தில் எடை குறைக்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

இன்னொன்று, இறுக்கமான விளையாட்டு பிரா, அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட், இரண்டும் சேர்ந்து மார்பை மணிக்கணக்கில் அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளும். கரை ஏறியதும் இரண்டையும் கழற்றி உலர்ந்ததை மாற்றிவிடுங்கள், கோப்பி எல்லாம் அப்புறம். எனக்கு ஒருமுறை பால் கட்டிக் காய்ச்சல் வந்தது, சிசேரியனே தேவலை என்று ஆகிவிட்டது.

போட்டி நாளில் பாலூட்டுவது எப்படி?

காலையில் தகுதிச்சுற்று, மத்தியானம் அரையிறுதி, சாயங்காலம் இறுதி என்று ஒரு நாள் முழுக்க இழுக்கும். வலிப்பது மொத்தம் பத்து நிமிடம்கூட இருக்காது, மீதியெல்லாம் காத்திருப்பு. வரிசைக்குக் கூப்பிடுவதற்கு அரை மணி முன்பு கொடுத்துவிடுவேன், அல்லது பம்ப் செய்துவிடுவேன். மார்பு நிறைந்து கனத்துக் கிடந்தால் உடம்பைத் திருப்பி இழுக்கவே முடியாது, இது சொகுசுப் பிரச்சினை இல்லை, நேரம் குறையும்.

எடுத்த பால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்று படித்திருப்பீர்கள். அந்த அறை 25 டிகிரி அறை. மரினா பே கரையில் கூடாரத்துக்குக் கீழே அது பொருந்தாது. ஐஸ் கட்டிப் பையோடு கூலரில் வைத்தால் 24 மணி நேரம் வரை பரவாயில்லை. அணியின் ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள், ஐசோடானிக் பானம் தேடி யாராவது அரை நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்துகொண்டே இருப்பார்கள்.

நதிக்கரைப் போட்டிகளில் பாலூட்டும் அறை இருப்பது அபூர்வம். பதிவு செய்யும்போதே ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிக் கேட்டேன், ஒருமுறை ஒரு கிடங்கைத் திறந்துவிட்டார்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, போதும். ஒலிம்பிக்கிலேயே நிலைமை இப்போதுதான் மாறுகிறது. டோக்கியோவுக்கு, கொரோனா கட்டுப்பாட்டைச் சொல்லிப் பால்குடிக் குழந்தையைக் கூட்டிவர விடமாட்டோம் என்றார்கள். கனடா கூடைப்பந்து வீராங்கனை கிம் கோஷே "மகளுக்குப் பாலூட்டும் தாயாக இருப்பதா, ஒலிம்பிக் வீராங்கனையாக இருப்பதா என்று என்னைத் தேர்வு செய்யச் சொல்கிறார்கள்" என்ற பொருளில் வீடியோ போட்ட பிறகுதான் 2021 ஜூன் கடைசியில் இறங்கி வந்தார்கள். 2024 பாரிஸில் முதல்முறையாக விளையாட்டு வீரர்கள் கிராமத்திலேயே குழந்தைகளுக்கான இடம் ஒன்று திறந்தார்கள், ஓட்டக்காரி ஆலிசன் ஃபீலிக்ஸ் முன்னின்று செய்தது. கேட்காமல் யாரும் தாழ்ப்பாள் போட்ட கதவைத் தர மாட்டார்கள்.

நேரம் எங்கிருந்து வருகிறது?

வரவில்லை. இதுதான் உண்மையான பிரச்சினை. உடம்பு தன் கணக்கில் திரும்பிவிடும், நேரம் அப்படித் திரும்பாது.

வாரம் மூன்று பயிற்சி, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் என்பார்கள். நானும் ஆறு மணி நேரம்தானே என்று நினைத்தேன். ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போகவர ஒன்றரை மணி, உடம்பைச் சூடாக்க, படகைக் கழுவ, உடை மாற்ற, அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட. சனிக்கிழமைக் காலை ஒரு பயிற்சி ஐந்து மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடும். இதற்கு மேல் மின்னல் எச்சரிக்கை. இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது வந்தால் யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது. கணவர் விடுப்பு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஒரு புதன்கிழமை, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு படகுக் கொட்டகையில் ஒன்றே முக்கால் மணி நேரம் மழையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இப்போது என் கணக்கு இது: தண்ணீரில் வாரம் ஒன்று, போட்டிக்கு முந்தைய எட்டு வாரம் மட்டும் இரண்டு. வீட்டில் இருபது நிமிடம் வீதம் மூன்று தடவை, ரப்பர் பட்டையும் ஒரு கெட்டில்பெல்லும். வருடத்துக்கு ஒரே ஒரு போட்டியை முக்கியமானதாக வைத்துக்கொள்கிறேன், மற்றதில் ஆள் குறைந்தால் போவேன். முன்பு வருடத்துக்கு ஏழெட்டு.

ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். நேரம் மிச்சம் பிடிக்க முதலில் வெட்டியது பயிற்சிக்குப் பிந்தைய கோப்பியைத்தான். இரண்டு மாதத்தில் அணிக்குள் நான் அந்நியமாகிப் போனேன். யார் எந்த இருக்கை, அடுத்த போட்டி எது, யாருக்குத் தோள் வலி எல்லாமே அந்த மேசையில்தான் பேசப்படுகிறது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோப்பிக்கு உட்காருகிறேன், வேண்டுமானால் பயிற்சியில் அரை மணி முன்னால் கிளம்பிக்கொள்கிறேன்.

கணவர் ஒத்துழைக்கிறாரா? பணிப்பெண் வைத்திருக்கிறீர்களா?

பணிப்பெண் இல்லை. பகலில் குழந்தை பராமரிப்பு நிலையம், இங்கே இரண்டு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு மகப்பேறு விடுப்பு 16 வாரம், அவருக்கு அப்போது இரண்டு வாரம்தான். இப்போது பிள்ளை பெறுகிறவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள், 2025 ஏப்ரலிலிருந்து அப்பாவுக்கு நான்கு வாரம், அதற்கு மேல் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 2026 ஏப்ரலிலிருந்து பத்து வாரம்.

அவர் நல்லவர்தான், ஆனால் முதல் வருடம் ஒவ்வொரு வாரமும் "சனிக்கிழமை போகட்டுமா?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுப் போகிற நேரத்தை உறவுக்காரர் கல்யாணம், கார் சர்வீஸ், அவருடைய தலைவலி என்று எதுவும் தின்றுவிடும். அவருடைய செவ்வாய்க்கிழமை பாட்மின்டனை அவர் ஒருநாளும் கேட்டுவிட்டுப் போனதில்லை என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, பாவம், அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. இருவர் போன் காலண்டரிலும் சனிக்கிழமை ஏழு முதல் பன்னிரண்டு வரை என் பெயர் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் கேட்க வேண்டியவர் அவர்.

தனியாக வளர்ப்பவர்களுக்கு இது உதவாது, தெரியும். எங்கள் குழுவில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். அவளும் நானும் வெவ்வேறு படகு, வெவ்வேறு நேரப் பயிற்சி. என் மகளை அவள் பார்த்துக்கொள்வாள், அவள் மகனை நான்.

திரும்பி வந்தபோது உங்கள் இருக்கை இருந்ததா?

இல்லை. போட்டிப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது, என் பெயர் இல்லை. "நீ இப்போ அம்மா ஆச்சே, முடியாதுன்னு நினைச்சேன்" என்றார் அப்போதைய பயிற்சியாளர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேரச்சோதனை வையுங்கள், எல்லோரையும் போல வலித்துக் காட்டுகிறேன் என்றேன். வைத்தார். தோற்றேன்! நான்கு வினாடி அதிகம் எடுத்தேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி வலித்து உள்ளே வந்தேன். சோதனையில் தோற்று வெளியே உட்கார்ந்தது எனக்குச் சம்மதம், சோதனையே இல்லாமல் உட்கார்ந்ததுதான் எரிச்சல்.

பேரம் பேச உங்களுக்கு ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. அனைத்துலக டிராகன் படகு விதிப்படி ஆணும் பெண்ணும் சேர்ந்து வலிக்கும் இருபது பேர் கலப்புப் படகில் குறைந்தது எட்டுப் பெண்கள் வேண்டும். பல கிளப்களில் ஆண்கள் கூட்டம், பெண்களுக்குத்தான் பஞ்சம். அவர்களுக்கு நீங்கள் வேண்டும்.

உலக அளவில் அம்மாக்கள் யாராவது ஜெயித்திருக்கிறார்களா?

துடுப்புப் படகு விளையாட்டில் நிறையவே. ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர் 1980ல் 18 வயதில் கயாக்கில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். 1986லும் 1989லும் இரண்டு குழந்தைகள். அதற்குப் பிறகும் வலித்து, கடைசித் தங்கம் 2004 ஏதென்ஸில், 42 வயதில். மொத்தம் எட்டுத் தங்கம், நான்கு வெள்ளி. இத்தாலியின் யோசேஃபா இடெம் எட்டு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். மூத்த மகன் 1995ல் பிறந்தான், 1996ல் வெண்கலம். 2000ல் சிட்னியில் தங்கம். இளையவன் 2003ல், அடுத்த வருடமே வெள்ளி. 2008ல் பெய்ஜிங்கில் வெறும் 0.004 வினாடியில் தங்கத்தைத் தவறவிட்டு மறுபடி வெள்ளி, அப்போது அவருக்கு 43. நான்கு வருடம் கழித்து லண்டனிலும் இறுதிப்போட்டிக்கு வந்து ஐந்தாவது.

படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் இதை யாராவது உங்களிடம் "பார், அவளால் முடிகிறது" என்று நீட்டினால் அவர்கள் சொல்லாமல் விட்டதைக் கேளுங்கள். இடெமின் கணவரே அவருடைய பயிற்சியாளர். ஃபிஷரின் முதல் குழந்தைக் காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் அரசு விளையாட்டு அமைப்பு பின்னால் நின்றது, கணவரும் படகு வீரர். அவர்களுக்குப் படகுதான் வேலை. நமக்கு ஒன்பது மணிக்கு அலுவலகக் கூட்டம் இருக்கிறது.

குழந்தையைப் பயிற்சிக்குக் கூட்டிவரலாமா?

கரையில் அதற்கென்றே ஒரு பெரியவர் இருந்தால் மட்டும். "எல்லாரும் இருக்கோமே, பார்த்துக்குவோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். படித்துறையில் நடக்கும் வயதென்றால் அவர்கள் அளவு லைஃப் ஜாக்கெட், தண்ணீரில் இறங்காவிட்டாலும். என் மகள் வீட்டில் தோசைக்கரண்டியை வைத்துக்கொண்டு சோபாவில் "பேடில்ஸ் அப்!" என்று கத்துகிறாள், அவளுக்கு அதுவே போதும்.

ராத்திரி தூங்கவில்லை என்றால் பயிற்சிக்குப் போவீர்களா?

மூன்று தடவைக்கு மேல் எழுந்திருந்தால் போவேன், ஆனால் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டுப் பாதி வேகத்தில் வலிப்பேன். இரண்டு நாள் தொடர்ந்து அப்படி என்றால் வீட்டிலேயே தூங்குவேன். தூங்காத உடம்பை அடித்து வலித்துத்தான் தோள்பட்டை போய் ஆறு வாரம் உட்கார்ந்தேன்.

எனக்கு 39 வயது, இப்போதுதான் குழந்தை. இனிமேல் எதற்கு?

40 வயதுக்கு மேல், 50க்கு மேல், 60க்கு மேல் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும் விளையாட்டு இது. அடுத்த வருடம் 40க்கு மேற்பட்டோர் படகில் நீங்கள்தான் சின்னப் பொண்ணு.

குழந்தையை விட்டுவிட்டுப் போகும்போது மனசு கேட்கவில்லையே?

எனக்கும் முதல் மாதம் எம்ஆர்டி கதவு மூடும்போதெல்லாம் இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. படகில் ஏறி முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு மறந்துபோகும், அதை நினைத்து மறுபடி ஒரு குற்ற உணர்வு. இப்போது சில சனிக்கிழமைகளில் மறப்பதற்காகவே போகிறேன். ஆனால் பல வாரமாக அழுகையும் வெறுமையும் விடவில்லை, படகுகூடப் பிடிக்கவில்லை என்றால் அது வேறு, மருத்துவரிடம் சொல்ல வேண்டியது. தண்ணீரில் போனால் சரியாகிவிடும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த குழந்தை எப்போது?

இதை இதுவரை துடுப்பு பிடித்த யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்பவர்கள் எல்லாம் கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர்கள். நவம்பரில் ஒரு 500 மீட்டர் இருக்கிறது, இந்தத் தடவை இரண்டாவது வரிசைக்கு முயற்சி செய்கிறேன்.